நாவைச் சோதிக்காத தேர்வு



மே மாதம் பிறந்துவிட்டால் பங்குத்தந்தையின் இல்லத்தில் இனிப்புக்குக் குறைவிராது. தேர்வு முடிவு வெளிவந்த அன்றே பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து நிற்பர். மதிப்பெண் பட்டியலை நம் கையில் தந்து, பிள்ளையின் தலைமேல் கைவைத்து ஆசி வழங்கும்படி கேட்பர். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்து நின்ற மகள் ஒருத்தியைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறோம். பெயர் வேண்டாம். தந்தை வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் பணிபுரிபவர். தாய் விடியுமுன் கம்பெனிப் பேருந்தில் ஏறி ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குச் சென்று, இருட்டிய பிறகே ஆலங்காயம் திரும்புபவர். மேல்நிலைத் தேர்வில் அம்மகள் ஆங்கிலப் பாடத்தில் 100க்கு 94 பெற்றிருந்தாள். அவ்வாண்டுப் பங்குத் திருவிழாவின்போது, ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் பெற்றவர்க்குரிய பரிசை நம் கையாலேயே அவளுக்கு வழங்கினோம். அவள் தாய் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறோம்.

மூன்று ஆண்டுகள் சென்றன. பட்டப்படிப்பை முடித்த அம்மகள், ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் அலுவலகப் பணிக்கு நேர்காணலுக்குச் சென்றாள. எதிரே மூவர் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர், உங்கள் ஊரைப் பற்றிச் சிறிது கூறுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கடினமான வினா அன்று. கேட்ட ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. மீண்டும் கேட்டார்கள். கண்ணீர்தான் வந்தது. பிறகு தெரிவிக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் தந்தைக்குச் சினம் பொங்கிற்று. மதிப்பெண் பட்டியலை எடுத்து அவள் முன்னே போட்டு, "இது பொய்யா, நீ பொய்யா?" என்று கேட்டுவிட்டார்.

அன்று மாலை தாய் அவளை நம்மிடம் அழைத்துவந்தார். "சாமி, ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்குது. நீங்க சொன்னா கேக்கும்" என்றார். அம்மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தலைநிமிர்ந்து, "ஃபாதர், அந்தப் பரிசை நீங்கதானே குடுத்தீங்க? அப்போ எனக்கு இங்கிலீஷ் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அக்கேள்விக்கு நாம் உடனே விடை கூறவில்லை, கூறவும் இயலவில்லை. அதன்பின் தேடிப் படித்தும் ஆசிரியப் பெருமக்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே உங்கள்முன் வைக்கிறோம்.

அவளுடைய தந்தைக்கு நாம் அவர் தொழிலைக் கொண்டே விளக்க முயன்றோம். பதனிட்ட தோலின் பரப்பைச் சதுர அடியில் அளக்கிறீர்கள்; தடிப்பை மில்லிமீட்டரில் அளக்கிறீர்கள்; மடக்கினால் வெடிக்குமா, வெடிக்காதா என்பதை எந்த அளவுகோல் சொல்லும் என்று கேட்டோம். "மடக்கிப் பாத்தாதான் தெரியும் சாமி" என்றார். அவ்வளவுதான் செய்தி. பரப்பளவு சரியாக இருந்த தோல், மடக்கிய இடத்தில் வெடித்துவிட்டால் சதுர அடிக் கணக்கு பொய்யாகிவிடாது. அந்தக் கணக்கு மடிப்பைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்பதே உண்மை. 94 என்பதும் பொய்யன்று. அந்த 94க்குள் அவளுடைய நாவைப் பற்றிய செய்தி ஒன்றும் இல்லை.

நம் மாநிலத்து மேல்நிலை ஆங்கிலத் தேர்வு எத்தகையது என்று பாருங்கள். முன்னாளில் இரண்டு தாள்களாக 200 மதிப்பெண்ணுக்கு நடைபெற்றது. 2018-19 ஆம் கல்வியாண்டிலிருந்து ஒரே தாளாயிற்று. எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண்; பள்ளியின் அகமதிப்பீட்டுக்கு 10. மூன்று மணி நேரம் மாணவர் எழுதுகின்றனர். ஒரு பொருள் தரும் சொல்லையும் எதிர்ச்சொல்லையும் தெரிவு செய்கின்றனர். செய்யுள் வரிகளுக்கு விளக்கம் தருகின்றனர். பாடத்திலிருந்து பத்தி எழுதுகின்றனர். இலக்கணப் பிழை திருத்துகின்றனர். கடிதம் வரைகின்றனர். இவையனைத்தும் தேவையான பயிற்சிகளே. நாம் குறை கூறவில்லை. ஆனால் இவற்றுள் பெரும்பகுதியை முன்னாண்டு வினாத்தாள்களைக் கொண்டும், உரைநூலைக் கொண்டும் உள்ளத்தில் பதியவைத்து ஒப்புவித்துவிடலாம். அவ்வாறு ஒப்புவித்த கைக்கும், புதிதாகச் சிந்தித்து எழுதிய கைக்கும் உள்ள வேற்றுமையைத் தாள் திருத்துபவர் எல்லா வேளையிலும் கண்டுகொள்ள இயலாது. பேசுதலைச் சோதிப்பதற்கோ அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு நிமிடமும் இல்லை. அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணும் வருகைப்பதிவு, பள்ளித் தேர்வு, ஒப்படைப்பு போன்றவற்றுக்குப் பகிர்ந்து போய்விடுகிறது.

மொழிக்குக் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என நான்கு திறன்கள் உண்டென்று ஆசிரியர் பயிற்சிப் பாடங்கள் கூறுகின்றன. குழந்தை தாய்மடியில் முதலில் கேட்கிறது, பிறகு பேசுகிறது, நெடுநாள் கழித்தே படிக்கிறது, எழுதுகிறது. தேர்விலோ இறுதியில் வந்த இரண்டே அரசாள்கின்றன. தேர்வில் வராததை வகுப்பில் நடத்துவதற்கு எந்த ஆசிரியருக்கு நேரம் இருக்கிறது? அவர்மேல் நூறு விழுக்காடு தேர்ச்சி என்னும் சுமை இருக்கிறது. ஆதலின் 12 ஆண்டுகள் ஆங்கிலம் பயின்ற பிள்ளை, ஒருவர் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் பேசாமலேயே பள்ளியைவிட்டு வெளியேற முடிகிறது.

இதற்கு நேர்மாறான ஓர் இளைஞரும் நம் பங்கிலேயே இருக்கிறார். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் இருமுறை தவறியவர். இன்று ஒரு காலணித் தொழிற்கூடத்தில் பணிபுரிகிறார். அயல்நாட்டிலிருந்து சரக்கைப் பார்வையிட வருவோரிடம், இந்தத் தையல் ஏன் விலகியது, இந்தச் சாயம் ஏன் மங்கியது என்று அவர் ஆங்கிலத்தில் விளக்குகிறார். இலக்கணப் பிழைக்குக் குறைவில்லை. ஆயினும் கேட்பவர்க்குப் புரிகிறது, காரியம் நடக்கிறது. தேர்வுத் தாள் அவரைத் தவறியவர் என்றது. அம்மகளைச் சிறந்தவள் என்றது. இருவரிடமும் இருந்ததையும் இல்லாததையும் அது முழுமையாகக் காணவில்லை.

இது நம் மனத்தில் தோன்றிய கருத்து மட்டுமன்று. நம் தென்னாட்டிலேயே ஆய்ந்து காணப்பட்டதுமாகும். 1979 முதல் 1984 வரை, சென்னையிலிருந்த பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு என்னும் கல்வியாளர் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் புதியதொரு முறையைச் செயற்படுத்திப் பார்த்தார். இலக்கண விதிகளை வரிசையாகக் கற்பித்து ஒப்புவிக்கச் செய்வதை விடுத்து, மாணவர்க்குச் சிறுசிறு அலுவல்களைக் கொடுத்தனர். புகைவண்டிக் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் செல்வது என்று முடிவு செய்தல், வரைபடத்தைப் பார்த்து வழி கூறுதல் போன்றவை அவை. பொருளில் மனம் ஊன்றும்போது மொழி தானே படியும் என்பது பிரபுவின் கொள்கை. பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் மொழியாசிரியர்கள் இதனை அறிவர்.

நமக்கு இங்கே வேண்டுவது அதன் இறுதியில் நடந்த சோதனை. எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரெட்டா, டேவிஸ் என்னும் இருவர் நான்கு பள்ளிகளில் புதுமுறை மாணவரையும் பழைய முறை மாணவரையும் ஒருங்கே சோதித்து, 1985 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரே தேர்வை வைக்காமல் பல்வகைத் தேர்வுகளை வைத்ததே அவர்களுடைய நேர்மை. இலக்கண அமைப்பைச் சோதித்த தேர்வில் பழைய முறை மாணவர் பெரும்பாலும் முந்தினர். அலுவல்வழிச் சோதித்த தேர்வில் புதுமுறை மாணவர் முந்தினர். இரு சாராருக்கும் பொதுவான தேர்வுகளில் புதுமுறையினர் பெரும்பாலும் மேலாக நின்றனர். யார் ஆங்கிலத்தில் சிறந்தவர் என்று கேட்டால், எந்தத் தேர்வைக் கொண்டு என்று திருப்பிக் கேட்கவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம். கற்பித்தது எதுவோ அதைச் சோதிக்கும் தேர்வில் பிள்ளைகள் வெல்வர். கற்பிக்காததைச் சோதித்தால் திகைப்பர்.

அண்மைக் கணக்கொன்றும் உண்டு. 'ஏசர்' என்னும் கல்வி நிலை அறிக்கைக்காக 2023 இல் 26 மாநிலங்களின் 28 ஊரக மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையிலான இளைஞரைச் சந்தித்தனர். எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்கக் கூடியவர் 57.3 விழுக்காட்டினர். படித்தவர்களுள் அவ்வாக்கியங்களின் பொருளைச் சொல்லக் கூடியவர் 73.5 விழுக்காட்டினர். அதாவது நூறு பேரில் ஏறக்குறைய 42 பேரே படித்ததைப் புரிந்துகொண்டவர். வாய் ஓசையை எழுப்புகிறது. உள்ளம் பொருளைத் தொடவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியோர் வீணாகச் சொல்லவில்லை.

நம் தோல் தொழில் வட்டாரத்தில் வியட்நாம் என்ற பெயரை அறியாதவர் இலர். ஷூ வாணிபத்தில் நம்மோடு போட்டியிடும் நாடு அது; உலகக் காலணி ஏற்றுமதியில் சீனத்துக்கு அடுத்த இடத்தில் நிற்பது. கத்தோலிக்கருக்கு அந்நாட்டோடு மற்றோர் உறவும் உண்டு. அலெக்சாந்தர் தெ ரோத் என்னும் இயேசு சபைக் குரு தொகுத்து 1651 இல் உரோமையில் அச்சேறிய அகராதியே, வியட்நாமிய மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் வழக்கம் நிலைபெற வழிகோலியது. ஆகவே ஆங்கில எழுத்துருவம் அந்நாட்டுப் பிள்ளைக்கு அயலானது அன்று; தாய்மொழியையே அவ்வெழுத்தில்தான் எழுதுகிறது. அவ்வாறாயின் ஆங்கிலம் அவர்களுக்கு எளிதாக வந்துவிட்டதா?

வியட்நாம் அரசு 2008 இல் அயல்மொழிக் கல்விக்கென நாடு தழுவிய திட்டமொன்றை வகுத்தது. 2014 இல் மொழித்திறனை ஆறு படிகளாகப் பிரித்து, மேல்நிலைக் கல்வி முடிப்போர் மூன்றாம் படியை எட்டவேண்டும் என்று இலக்கு நிறுவியது. தன் எண்ணத்தை அயல்மொழியில் ஓரளவு தானே பேசவும் எழுதவும் கூடிய நிலையே அம்மூன்றாம் படி. இலக்கு நன்று. ஆனால் பள்ளியிறுதித் தேர்வு எவ்வாறு இருந்தது? 2017 முதல் 2024 வரை, 60 நிமிடத்தில் 50 வினாக்கள். ஒவ்வொன்றிற்கும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். பேசவேண்டுவதில்லை, கேட்கவேண்டுவதில்லை, ஒரு வாக்கியம் எழுதவும் வேண்டுவதில்லை. 2019 இல் அத்தேர்வில் ஆங்கிலத்தின் சராசரி 10க்கு 4.36. நூற்றுக்கு 68 பேருக்கு மேல் 5க்குக் கீழே நின்றனர். 2025 முதல் வினாக்கள் 40 ஆகக் குறைந்தன. ஆங்கிலமும் விருப்பப் பாடங்களுள் ஒன்றாயிற்று. ஆங்கிலத்தைப் பள்ளிகளில் படிப்படியாக இரண்டாம் மொழியாக்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு ஆளுங்கட்சித் தலைமை முடிவு செய்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். இலக்கு ஒரு திசையிலும் தேர்வு மறு திசையிலும் செல்கின்றன.

ஆனால் அதே நாட்டில், மிகச் சிறந்த மாணவர்களைத் தெரிவு செய்ய ஆண்டுதோறும் நடைபெறும் தேசியத் தேர்வில் கேட்டலும் உண்டு, பேசுதலும் உண்டு. அதுபோலவே, பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகளில் நான்கு திறன்களும் சோதிக்கப்படுகின்றன. அச்சான்றிதழ் பெற்றோர்க்குப் பள்ளியிறுதி ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கும் உண்டு. ஆனால் அவற்றின் கட்டணம் எளிய குடும்பத்துக்கு எட்டுவதன்று. மிகச் சிறந்த சிலருக்கும் பணம் உடையோர்க்கும் முழுச் சோதனை. மற்ற எல்லாருக்கும் கட்டம் நிரப்பும் தாள்! நம் நாட்டிலும் இதன் சாயலைக் காண்கிறோம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2012-13 இல் பேசுதல், கேட்டல் மதிப்பீட்டை 9, 10 ஆம் வகுப்புகளில் புகுத்தியது. அதன் மேல்நிலை ஆங்கிலத்தில் 20 மதிப்பெண்ணுக்கு அகமதிப்பீடு உண்டு; அதனுள் கேட்டலும் பேசுதலும் அடங்கும். தொழிலாளியின் பிள்ளை பயிலும் பள்ளியில்தான் நாவுக்கு மதிப்பெண் இல்லை. சோதிக்காமல் விடுவது இரக்கம் என்று எண்ணாதீர்கள். பள்ளி சோதிக்காமல் விட்டதை உலகம் நேர்காணல் அறையில் சோதிக்கிறது. அங்கே மறுதேர்வு இல்லை.

அத்தனை மாணவரையும் பேசவைத்துச் சோதிக்க இயலுமா என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். நம் மாநிலத்தில் மேல்நிலைத் தேர்வு எழுதுவோர் ஏறக்குறைய 8 லட்சம் பேர். ஒருவர்க்கு 10 நிமிடம் என்றால் 80 லட்சம் நிமிடம்; அதாவது சுமார் 1,33,000 மணி நேரம். நாளொன்றுக்கு 6 மணி நேரம் என்று வகுத்தால் 22,000 நாள்களுக்குச் சற்று மிகும். அச்சம் தரும் எண்தான். ஆனால் தேர்வு மையங்கள் 3,000க்கும் மேல் உள்ளன. மையத்துக்கு ஓர் அறை வைத்தாலே ஏழெட்டு நாளில் முடிந்துவிடும். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் வேறு பள்ளியிலிருந்து ஆசிரியரை வரவழைத்து ஆண்டுதோறும் செய்முறைத் தேர்வு நடத்துகிறோம் அன்றோ? அமிலத்தையும் காரத்தையும் கையால் கலந்து காட்டச் சொல்லும் நாம், மொழியை மட்டும் ஏன் நாவால் பேசிக் காட்டச் சொல்வதில்லை? மொழியும் செய்முறைதானே!

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நாவைச் சோதிப்பது தவறானவர் கையில் வாளாகிவிடும். நீதித்தலைவர்கள் நூலின் 12 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிலயாது வீரர்கள் யோர்தானின் துறைகளைக் கைப்பற்றிக்கொண்டு, கடக்க வந்த ஒவ்வொருவரையும் 'ஷிபோலெத்' என்று சொல்லச் சொன்னார்கள். எப்ராயிம் குலத்தார்க்கு 'ஷ' ஒலி வராது, 'சிபோலெத்' என்றார்கள். அவ்வோர் எழுத்துக்காக வெட்டுண்டு மாண்டவர் 42,000 பேர் என்று திருநூல் கூறுகிறது. உலகம் அறிந்த பழைமையான மொழித்தேர்வுகளுள் ஒன்று இது. இரத்தத்தால் எழுதப்பட்ட தேர்வு. இன்றும் ஒருவனுடைய உச்சரிப்பைக் கேட்டு இவன் எந்த ஊர், எந்தச் சேரி, எந்தப் பள்ளி என்று எடைபோட்டு நகைப்பவர் இருக்கின்றனர். அவர்களும் யோர்தான் துறையில் வாளோடு நிற்பவர்களே.

ஆகவே பேச்சைச் சோதிப்பவர், சொன்னது புரிந்ததா என்பதையே முதலில் பார்க்கவேண்டும். உச்சரிப்பில் ஊர்மணம் வீசுகிறதா என்பதையன்று. ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் வெளிநாட்டவர் ஒருவர் நின்று காவலூர் வான்நோக்கு நிலையத்துக்கு வழி கேட்கிறார். வழி சொல்லுங்கள் என்று இரு மாணவரை எதிரெதிரே அமர்த்திப் பேசவிடலாம். 1986 இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அளிக்கப்பட்ட அந்த இடம் நம் ஊருக்கு அருகே, மலைமேல் இருக்கிறது. அதை அறியாத பிள்ளை இங்கே இல்லை. பொருள் தெரிந்திருந்தால் சொல் தேடி வரும். ஒருவர் வினவ, மற்றவர் விடைகூற, ஆசிரியர் இருவர் தனித்தனியே மதிப்பிட்டால் ஓரவஞ்சனைக்கும் இடம் குறையும்.

நாமும் தமிழ்வழியில் பயின்று குருமடம் புகுந்தவரே. அங்கே மெய்யியல் பாடமும் வாய்மொழித் தேர்வும் ஆங்கிலத்தில். முதல் தேர்வில் பேராசிரியர் முன் அமர்ந்தபோது, கற்றதெல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது. அப்பெரியவர் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். "உனக்குத் தெரிந்த சொற்களில் சொல், சொல் கிடைக்காத இடத்தில் தமிழில் சொல்" என்றார். பத்து நிமிடத்தில் நான்கு தமிழ்ச் சொற்களே தேவைப்பட்டன. நம்மைத் தோற்கடிக்க அல்ல, நமக்குள் இருப்பதை வெளிக்கொணரவே தேர்வு என்பதை அன்று கற்றோம்.

பங்குக் குருக்களின் பாதுகாவலராகிய புனித ஜான் மரிய வியான்னியின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். லியோன் குருமடத்தில் இலத்தீனில் கேட்ட வினாக்களுக்கு அவரால் விடைகூற இயலவில்லை. தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய ஆசிரியராகிய பங்குத்தந்தை பாலே மனம் தளரவில்லை. தம் இல்லத்திலேயே அவரைப் பிரெஞ்சு மொழியில் மீண்டும் சோதிக்க ஏற்பாடு செய்தார். அப்போது தெளிவாக விடைகூறினார் வியான்னி. 1815 இல் குருவானார். பின்னாளில் ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு ஐரோப்பாவே திரண்டு வந்து அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தது. முதல் தேர்வு அவருடைய இலத்தீனை அளந்தது, அவரை அளக்கவில்லை. ஒரு பாலே இல்லாதிருந்தால் திருச்சபை ஒரு புனிதரை இழந்திருக்கும்.

நம் மகளிடம் திரும்புவோம். சில நாள்களுக்குப் பின் அவளை அழைத்து நாம் கூறிய விடை இதுதான்: "அம்மா, உனக்கு ஆங்கிலம் தெரியும். பேசும்படி உன்னை எவரும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமலே பரிசு கொடுத்தது எங்கள் பிழை." அவள் தந்தையும் உடனிருந்தார். அவர் மகளிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை; நம் தந்தையர்க்கு அது எளிதில் வருவதில்லை. ஆனால் திரும்பும்போது அவளுடைய கைப்பையைத் தாம் வாங்கிக்கொண்டு நடந்தார்.

அதன்பின் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு மறைக்கல்வி அறையில் அரை மணி நேரம் ஒதுக்கினோம். முதலில் பத்துப் பேர் வந்தனர். விதிகள் மூன்றே: இருவர் இருவராகப் பேசவேண்டும், பேசும்போது எவரும் இடையில் திருத்தக்கூடாது, எவரும் சிரிக்கக்கூடாது. பிழைகளைப் பின்னர் ஆசிரியை ஒருவர் கரும்பலகையில் எழுதுவார். யாருடைய பிழை என்று சொல்லமாட்டார். முதல் மாதம் பெரும்பாலும் மௌனமே. மூன்றாம் மாதத்தில் அறையில் இரைச்சல் கேட்டது. அம்மகள் விரும்பிய ஏற்றுமதி அலுவலகப் பணி அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. கணக்கெழுதும் வேலையொன்றில் இருக்கிறாள். ஆனால் ஞாயிறுதோறும் வந்து, சிறுவர்களுக்கு வினா தொடுப்பவள் அவளே.

திருவிழாப் பரிசையும் மாற்றினோம். மதிப்பெண்ணுக்குப் பரிசு இன்றும் உண்டு. அதனோடு, தம் பெற்றோரின் தொழிலைப் பற்றி மேடையில் இரண்டு நிமிடம் ஆங்கிலத்திலும் இரண்டு நிமிடம் தமிழிலும் பேசும் பிள்ளைகள் எல்லாருக்கும் பரிசு உண்டு. சென்ற திருவிழாவில் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், பச்சைத்தோல் எவ்வாறு பதனிடப்படுகிறது என்று ஆங்கிலத்தில் கூறினான். திணறினான், நின்றான், மீண்டும் தொடங்கினான். 'வெட் புளூ' என்று அவன் சொன்னபோது, பின்வரிசையில் நின்ற அவன் தந்தை சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு ஆங்கிலத்தில் அவருக்குப் புரிந்த சொல் அதுவே. அது அவர் நாள்தோறும் தம் கையால் தொடும் பொருளின் பெயர்.

பெற்றோர்களே! தேர்வு முடிவு நாளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பிள்ளையைத் தூக்கி வைக்கவும் வேண்டாம். தள்ளி வைக்கவும் வேண்டாம். அந்த எண் எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று ஒருமுறை கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது தடையன்று. இரவு உணவின்போது, இன்று பள்ளியில் என்ன நடந்தது என்பதை ஆங்கிலத்தில் சொல் என்று கேட்டு, முழுவதும் கேட்டிருங்கள். கேட்கும் செவி இருந்தால் பேசும் நா தானே எழும். வீட்டிலே எவரும் சிரிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியப் பெருமக்களே! பாடவேளையில் ஐந்து நிமிடமேனும் பிள்ளைகளின் நாவுக்குத் தாருங்கள். கல்வித் துறையில் பணிபுரியும் அன்பர்கள் நாம் மேலே இட்ட கணக்கை எண்ணிப் பார்ப்பார்களாக.

திக்குவாயன் நான் என்று தயங்கி நின்ற மோசேயை ஆண்டவர் விலக்கிவிடவில்லை. உடன் பேச ஆரோனைத் தந்தார். தயங்கி நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நம் இல்லங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் ஓர் ஆரோன் எழும்ப வேண்டுமென்று மன்றாடுகிறோம். இறைவன் உங்கள் பிள்ளைகளின் நாவையும் நெஞ்சையும் ஆசீர்வதிப்பாராக!